மூன்று பேர் நடத்தும் ஸ்டார்ட்அப்புக்கு புரொடக்ட் மேனேஜர் தேவையா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். ஊத்தான் மெலிந்தாங்கில் நண்பர்கள் மூவர் சேர்ந்து செம்பனை சிறுதோட்டக்காரர்களுக்கு ஒரு செயலி செய்திருக்கிறீர்கள். எந்த ரேம்ப்பில் (பழம் வாங்கும் நிலையத்தில்) இன்று பழத்துக்கு என்ன விலை என்று ஒப்பிட்டுக் காட்டும் செயலி. எட்டு மாத வேலை. 600 பேருக்கு மேல் இறக்கிக்கொண்டார்கள், ஆனால் இரண்டாவது வாரத்திலும் திறந்து பார்ப்பவர்கள் முப்பது பேர்கூட இல்லை. கையில் 150,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) மானியம் இருக்கிறது. கோலாலம்பூரில் இருக்கும் ஒருவர் மாதம் 7,000 வெள்ளிக்கு புரொடக்ட் மேனேஜராக வரத் தயார். எடுக்கலாமா, எடுத்தால் அப்படி என்ன மாறிவிடும் என்று கேட்கிறீர்கள்.

இப்போது ஆள் எடுக்க வேண்டாம். ஆனால் அந்த ஆள் செய்யும் வேலையை உங்கள் மூவரில் ஒருவர் இந்த வாரமே கையில் எடுக்க வேண்டும். சைபர்ஜெயாவில் பல ஆண்டுகள் இதே வேலையைப் பார்த்துவிட்டு, இப்போது தெலுக் இந்தானில் வீட்டிலிருந்தபடியே பார்க்கிறவன் நான். என் பிழைப்புக்கு நானே குழி பறிக்கிற மாதிரிதான் இருக்கிறது, இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். 7,000 சம்பளத்துக்கு முதலாளி பங்கு இபிஎஃப் (சேமநிதி) 12 விழுக்காடு, அதாவது 840 வெள்ளி. சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) தனி. ஆண்டுக்கு 94,000-ஐத் தாண்டிவிடும். மானியத்தில் பாதிக்கு மேல் ஒருவர் சம்பளத்துக்கே போய்விட்டால், அவர் கண்டுபிடித்துச் சொல்வதைச் செய்து பார்க்க என்ன மிஞ்சும்?

அந்த வேலை எது என்பதில் பலருக்குக் குழப்பம். கூட்டம் வைப்பது, பணிப்பட்டியல் எழுதி டெவலப்பர்களுக்குப் பங்கு பிரிப்பது, கெடு தேதி கேட்டு நச்சரிப்பது என்று நினைக்கிறார்கள். பெரிய கம்பெனிகளில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் எதைச் செய்வது, யாருக்காகச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று ஆதாரத்தோடு முடிவெடுத்து, அந்த முடிவு தப்பினால் பழியையும் ஏற்பதுதான் இதன் சாரம். கணினி வருவதற்கு முன்பே இந்த வேலை இருந்தது. 1931-இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் நீல் மெக்கெல்ராய் என்பவர் கூடுதலாக ஆள் வேண்டும் என்று கேட்டு ஒரு குறிப்பு எழுதினார். ஒரு சோப்புக்கு முழுப்பொறுப்பாக ஓர் ஆள் இருக்க வேண்டும், விற்பனை எங்கே மந்தமோ அந்த வட்டாரத்துக்கு அவரே நேரில் போய்க் கடைக்காரரையும் வாங்குபவரையும் பார்த்துக் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. (அவர் பின்னாளில் அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சராகவே ஆனார். சோப்பிலிருந்து அங்கே!) இத்தனை ஆண்டுகளில் கருவிகள் மாறின, பெயர் மாறியது. நேரில் போ என்பது மட்டும் மாறவில்லை.

நேரில் போனால் என்ன கிடைக்கும்? உங்கள் செயலியையே எடுத்துக்கொள்வோம்.

விலை தெரிந்தால் விவசாயி அதிக விலை கொடுக்கும் இடத்துக்குப் போவார் என்பதுதான் உங்கள் அடிப்படை. காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்டிய செம்பனைக் குலை காத்திருக்காது. அடிபட்ட பழத்தில் கொழுப்பு அமிலம் ஏற ஆரம்பித்துவிடும், எண்ணெயின் தரம் இறங்கும். ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும் என்பது இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். ஆகவே இன்று விலை சரியில்லை, நாளைக்குப் போடலாம் என்ற பேச்சே கிடையாது. அடுத்தது கடன். உரம் அந்த ரேம்ப் தவுக்கேயிடம்தான், அதாவது முதலாளியிடம்தான், கடனுக்கு எடுத்திருப்பார். பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும் நேரத்தில் முன்பணமும் வாங்கியிருப்பார். டன்னுக்குப் பதினைந்து வெள்ளி கூட வருகிறது என்று பழத்தை வேறு ரேம்ப்பில் கொட்டினால், அடுத்த முறை உரம் கேட்க எந்த முகத்தோடு போவார்? போதாததற்கு லோரிக் கூலி வேறு.

இதற்கெல்லாம் மேலே இன்னொன்று இருக்கிறது. நீங்கள் காட்டும் விலையே முழு விலை இல்லை. ஆலைக் கணக்கில் விலை என்பது எண்ணெய் பிழியும் விகிதத்தைப் பொறுத்தது. ஒரு விழுக்காட்டுக்கு 40 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 19 விழுக்காட்டுக்குப் போடுபவரிடம் டன் 760 வெள்ளி, 18-க்குப் போடுபவரிடம் 720. பிறகு கழிவு. காய் அதிகம், காம்பு நீளம், மண் ஒட்டியிருக்கிறது என்று எடையில் வெட்டுவார்கள். இரண்டு டன் கொண்டுபோனவருக்கு ஓரிடத்தில் மூன்று விழுக்காடும் இன்னோரிடத்தில் ஏழு விழுக்காடும் வெட்டினால் வித்தியாசம் 80 கிலோ. டன் 760 என்ற கணக்கில் அறுபது வெள்ளி போச்சு. உங்கள் செயலி கண்டுபிடித்துக் கொடுத்த முப்பது வெள்ளி லாபம் அதில் கரைந்து, மேலே முப்பதும் போய்விடும். சிறுதோட்டக்காரருக்கு இது அத்துப்படி. அதனால்தான் ஆர்வத்தில் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

இதைக் கண்டுபிடிக்க எட்டு மாதம் தேவையில்லை. ஒரு ரேம்ப்பில் நாலு காலை உட்கார்ந்திருந்தால் போதும். உங்கள் இரண்டு டெவலப்பர்களின் உழைப்பை ஆளுக்கு மாதம் 3,500 வெள்ளி என்று குறைத்தே மதிப்பிட்டாலும், எட்டு மாதத்துக்கு 56,000 வெள்ளி. புரொடக்ட் மேனேஜ்மென்ட்டால் ஸ்டார்ட்அப்புக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த மாதிரிக் கணக்கைத்தான். லாபம் பெரும்பாலும் செய்யாமல் விட்ட வேலையில் இருக்கிறது. அதனால்தான் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால்தான் இந்த வேலை செய்பவர் மீது டெவலப்பர்களுக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

பணக்காரக் கம்பெனிகளுக்கும் இதே கதிதான். அமெரிக்காவில் ஜூசெரோ என்ற கம்பெனி 100 மில்லியன் டாலருக்கு மேல் முதலீடு வாங்கி, வைஃபையில் இயங்கும் ஜூஸ் பிழியும் இயந்திரம் செய்தது. 2017-இல் நிருபர்கள் அந்த இயந்திரத்தில் வைக்கும் பழப் பையைக் கையாலேயே பிழிந்து காட்டினார்கள். அதே ஆண்டு கடையை மூடினார்கள். பொறியியலில் குறை சொல்ல முடியாத இயந்திரம்.

சரி, விலை ஒப்பீடு வேலைக்காகவில்லை என்றால் வேறு என்ன? ரேம்ப்பில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வயதானவர் ஒருவர் பழைய பிக்-அப்பில் வந்தார். எடை போட்டார்கள், பையன் ஒருவன் குலைகளைக் கம்பியால் புரட்டிப் பார்த்துவிட்டுக் கணக்கு எழுதும் கிராணியிடம் ஏதோ கத்தினான், கிராணி கார்பன் வைத்த புத்தகத்தில் எழுதிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பெரியவர் அந்தச் சீட்டை வண்டி முன்பக்கத்தில் வைத்து, காற்றில் பறக்காமல் சாவியை அதன்மேல் வைத்து, போனில் படம் பிடித்தார். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் குரல் செய்தியும் போட்டார்: “அய்யா, ரெண்டு டன் நூத்திப்பத்து. ஏழு வெட்டிட்டான். மழை, அதான். வெட்டுக்காரனுக்குக் காசு போட்டு விட்டுரு.”

யாருக்கு என்று கேட்டேன். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்காம். நிலம் அப்பா பெயரில், கணக்கு மகன் கையில். வெட்டும் ஆளுக்கு டன் கணக்கில் கூலியை அவர்தான் அங்கிருந்து அனுப்புகிறார். ஒவ்வொரு சீட்டும் வாட்ஸ்அப் உரையாடலில் எங்கேயோ புதைந்து கிடக்கிறது, ஆண்டு முடிவில் தேடினால் பாதி கிடைப்பதில்லை. அக்கா தங்கைகளுக்குப் பங்கு கொடுக்க வேண்டிய வீடுகளில் இது சண்டையாகவே ஆகிவிடும்.

கவனித்தீர்களா? நீங்கள் யாரைப் பயனர் என்று நினைத்தீர்களோ அவர் செயலி தேடவே இல்லை. இந்த வட்டாரத்தில் பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போன வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். தலைவலி அங்கே இருக்கிறது. சம்பளம் வாங்கும் ஆளும் அங்கேதான்.

ஆனால் இங்கேதான் நிதானம் தேவை. ஒரு பெரியவரைப் பார்த்துவிட்டு உடனே சீட்டுச் செயலி எழுத உட்கார்ந்தால், பழைய குருடி கதவைத் திறடி கதைதான். முதலில் பதினைந்து, இருபது வீடுகளில் கேளுங்கள். கேட்கும் விதத்திலும் ஒரு நெளிவு சுளிவு உண்டு. ‘இப்படி ஒரு செயலி இருந்தால் பயன்படுத்துவீர்களா’ என்று கேட்டால் நம் ஊர் ஆட்கள் மனம் நோகக்கூடாதே என்று “கண்டிப்பா தம்பி” என்பார்கள். அந்த 600 பதிவிறக்கத்தில் பாதி அந்தக் ‘கண்டிப்பா’தான். ‘போன மாதச் சீட்டெல்லாம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்’ என்று கேளுங்கள். பிஸ்கட் டின்னில் இருந்து எடுத்துக் கொட்டுகிறாரா, போனைத் தடவிக்கொண்டே இருக்கிறாரா, ‘எதுக்கு அதெல்லாம்’ என்கிறாரா என்று பாருங்கள். மூன்றும் வேறு வேறு பதில்கள்.

அடுத்து, ஒரு வரி புரோகிராம்கூட எழுதாமல் சோதித்துப் பாருங்கள். ஒரு வாட்ஸ்அப் எண் போதும். அப்பா சீட்டின் படத்தை அந்த எண்ணுக்கு அனுப்பட்டும். உங்களில் ஒருவர் அதைப் பார்த்து எக்செலில் தட்டி, மாதக் கடைசியில் எடை, கழிவு, விலை, வெட்டுக்கூலி, மீதி என்று ஒரு பக்கக் கணக்கை மகனுக்கு அனுப்பட்டும். முதல் மாதம் இலவசம். இரண்டாவது மாதம் பத்து வெள்ளி கேளுங்கள். பணம் கட்டுவதற்கான டுயிட்நவ் கியூஆர் படத்தை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருங்கள். இருபது பேரில் பன்னிரண்டு பேர் போட்டால் இதில் ஏதோ இருக்கிறது. இரண்டு பேர் போட்டால் எட்டு மாதம் மிச்சம். ஏர்பிஎன்பி நிறுவனர்கள் 2009-இல் நியூயார்க்கில் வீடு வீடாகப் போய் நல்ல கேமராவில் படம் எடுத்துக் கொடுத்தது இந்த ரகம்தான். விளம்பரத்தில் படம் மோசம், அதனால்தான் புக்கிங் இல்லை என்ற ஊகம் சரியா என்று முதலில் கையாலேயே செய்து பார்த்தார்கள்.

நம் நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் கிராப். 2012-இல் கோலாலம்பூரில் மைடெக்சி என்ற பெயரில் தொடங்கினார்கள். அப்போது பல டெக்சிக்காரர்களிடம் ஸ்மார்ட்போனே இல்லை. போன் வாங்க வழி செய்து, அதைப் பயன்படுத்தவும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். பயணிகளில் பலரிடம் கிரெடிட் கார்டு இல்லை, ஆகவே ரொக்கம் வாங்கினார்கள். ஊபர் கார்டை நம்பி வந்தது, அது ரொக்கத்தைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியதே 2015-இல், ஹைதராபாத்தில். 2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்கு ஆசிய வணிகத்தைக் கிராப்பிடம் கொடுத்துவிட்டுப் போனது. இதற்கு முதலீட்டுச் சண்டை உட்பட வேறு காரணங்களும் உண்டு, ரொக்கம் ஒன்றினால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரொக்கம் வாங்குவது தொழில்நுட்பத்தில் பெரிய காரியம் இல்லை. அதை வாங்கியாக வேண்டும் என்று முடிவெடுக்க, பயணியின் பர்ஸில் என்ன இருக்கிறது என்று யாரோ ஒருவர் பார்த்திருக்க வேண்டும்.

பயனர்கள் வர ஆரம்பித்த பிறகு அளவுகோல் என்ன என்பதும் இந்த வேலையில் அடக்கம். பதிவிறக்க எண்ணிக்கையைத் தூக்கிப் போடுங்கள். சீன் எல்லிஸ் என்பவர் பிரபலமாக்கிய ஒரு கேள்வி இருக்கிறது: இந்தச் சேவை நாளைக்கு நின்றுவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? ‘ரொம்பவே ஏமாற்றமாக இருக்கும்’ என்று 40 விழுக்காட்டினராவது சொன்னால் வளர்க்கலாம் என்பது அவர் கண்ட எல்லைக்கோடு. சூப்பர்ஹ்யூமன் என்ற மின்னஞ்சல் கம்பெனி முதலில் கேட்டபோது அவர்களுக்கு வந்தது 22 விழுக்காடு. யார் மிகவும் விரும்புகிறார்களோ அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். அந்த மாதிரி ஆட்களில் இன்னும் தயங்குகிறவர்களை எது தடுக்கிறது என்று பார்த்து அதைச் சரிசெய்தார்கள், 58 வரை ஏறியது. எனக்கு இதில் பிடித்தது, விரும்பாதவர்கள் சொன்னதை அவர்கள் துணிந்து ஒதுக்கியதுதான். எல்லாருக்கும் நல்லவனாக இருக்கப் பார்க்கிற ஸ்டார்ட்அப் சீக்கிரம் காலியாகும்.

ஒதுக்குவது என்றதும் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. ஒரு தவுக்கே, தன் ரேம்ப்பின் உரக்கடன் கணக்கையும் பழக்கொள்முதல் பதிவையும் இதே செயலியில் சேர்த்தால் மாதம் 500 வெள்ளி தருகிறேன் என்றாராமே. உண்மையைச் சொன்னால், பணம் அந்தப் பக்கம்தான் அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வியாபாரிக்கு எம்பிஓபி (மலேசியச் செம்பனை வாரியம்) உரிமம், வாங்கிய பழத்தின் பதிவு, 2020 முதல் கட்டாயமாகிவிட்ட எம்எஸ்பிஓ (நிலைத்தன்மையான செம்பனை எண்ணெய்) சான்றிதழால் எந்தப் பழம் எந்த நிலத்திலிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு என்று காகித வேலை கழுத்தை நெரிக்கிறது. அவர் கொடுக்கும் 500 வெள்ளிக்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் சிறுதோட்டக்காரர் பார்க்க விரும்புவது தன் கழிவு ஏன் ஏழு விழுக்காடு என்று. தவுக்கே காட்ட விரும்பாததும் அதையேதான். இருவருக்கும் ஒரே செயலியில் வேலை செய்தால், முதல் தகராறிலேயே நீங்கள் தவுக்கே ஆள் என்று ஊரில் பெயர் வந்துவிடும், பிறகு ஒரு வீட்டிலும் சீட்டு வராது. ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கமும் பேசிப் பார்த்து, எண்ணைப் பார்த்து, மூன்று மாதத்துக்குள். தவுக்கே பக்கம் போவது என்று முடிவானாலும் தப்பில்லை, அதற்கு வேறு பெயரில் வேறு பொருள் செய்யுங்கள். இந்த முடிவை டெவலப்பர் இருவரும் புரோகிராம் எழுதும் நேரம் போக மிச்ச நேரத்தில் எடுக்க முடியாது. உங்கள் மூன்றாவது நண்பர் விளம்பரம் பார்க்கிறார் என்றீர்கள். ஆள் தங்காத செயலிக்கு விளம்பரம் எதற்கு? அவரை அதிலிருந்து எடுத்து முழுநேரமாக இதில் போடுங்கள்.

எப்போது வெளியாள் எடுப்பது? டெவலப்பர்கள் ஆறேழு பேராகி, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் யாராவது ஒருவர் வாரத்தில் பாதி நாள் சும்மா இருக்கும்போது. அல்லது அந்த மூன்றாவது நண்பர் முதலீட்டாளர், வங்கி, ஆள் சேர்ப்பு என்று ஓடி, ரேம்ப் பக்கம் போயே மாதக்கணக்கு ஆகும்போது. அதற்கு முன்னால் எடுத்தால், பயனரைப் பற்றி நிறுவனருக்கு இருக்க வேண்டிய அறிவைச் சம்பளத்துக்கு வந்தவர் தலையில் சேமித்து வைக்கிறீர்கள். அவர் வேலையை விட்டால் அதுவும் கூடப் போய்விடும். இன்ஸ்டாகிராமை 2012-இல் ஃபேஸ்புக் ஒரு பில்லியன் டாலருக்கு வாங்கச் சம்மதித்தபோது அங்கே இருந்தது பதின்மூன்று பேர். என்ன செய்வது என்ற முடிவு அதுவரை நிறுவனர்கள் கையிலேயே இருந்தது.

அந்த நாள் வரும்போது பட்டத்தையும் பெரிய கம்பெனிப் பெயரையும் பார்த்து மயங்காதீர்கள். ‘நீங்கள் செய்ய வேண்டாம் என்று தடுத்து நிறுத்தியது எது, எதை வைத்துத் தடுத்தீர்கள்’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் வெளியிட்ட வசதிகளின் பட்டியலை ஒப்பிக்கிறவர் வேண்டாம். பிறகு மழை நாளில் அவரை ரேம்ப்புக்கு அழைத்துப் போங்கள். இறங்கி நிற்கிறாரா, காருக்குள் இருந்தே பார்க்கிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், பல ஆண்டு செக்ரோல் (தொழிலாளர் பேரேடு) எழுதிய பழைய தோட்டக் கிராணி ஒருவரை வாரம் இரண்டு நாள் ஆலோசகராக வைத்துக்கொள்வது அந்த 7,000 வெள்ளியைவிடப் பயன் தரும். சீட்டில் எழுதிய கணக்குக்கும் காட்டில் நடந்த வேலைக்கும் எங்கே இடைவெளி விழும் என்று அவருக்குத் தெரிந்த அளவு கோலாலம்பூரில் யாருக்கும் தெரியாது.

கடைசியாக ஐஃபோன் பதிப்பு செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். அப்பாதான் பயனர் என்றால் வேண்டாம், அவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு. சிங்கப்பூர் மகன்தான் பயனர் என்றால் கேள்வியே மாறிவிடுகிறது, அவரிடம் ஐஃபோன் இருக்க வாய்ப்பு அதிகம். அது தெரியும் வரை இரண்டுமே செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் தட்டினால் திறக்கும் சாதாரண இணையப் பக்கம் ஒன்று போதும், எந்த போனிலும் ஓடும்.